நாலே முக்கால் அங்குலம்

வேலைத்தளத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூலைமட்டம் என்றால்தான் தெரியும்; மூலை தொண்ணூறு டிகிரி நிற்கிறதா என்று பார்க்கிற கருவியின் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடச் சான்றிதழோடு தகரப் பெட்டிக்குள் எங்கோ கிடந்தது. இருபத்திரண்டு வருஷமாக அஸ்திவாரம் போட்டு வீடு கட்டுகிற மனுஷன். அவர் நாலு முளையடித்து நூல் கட்டிவிட்டுப் போனால் மூலை என்றால் அதுதான் மூலை, அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்தப் பட்டப்பெயரைக் கேட்டாலே அவருடைய மீசை தானாக மேலே ஏறும். ஏறாதா பின்னே?

அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், டைல்ஸ் போடுகிறவர். அவருக்கு வாய்த்த பெயர் கண்ணளவு. வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "அந்த மூணாவது டைல் ஒரு நூல் தூக்கிட்டு நிக்குது" என்பார். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மட்டப்பலகை வைத்துப் பார்த்தால் சொல்லி வைத்த மாதிரி ஒரு நூல் தூக்கித்தான் இருக்கும். வாய் பேசுகிற ஆள் இல்லை. கண்தான் பேசும்.

மூலைமட்டம் கட்டிய வீட்டுக்குக் கண்ணளவுதான் டைல்ஸ் போடுவார். பதினைந்து வருஷப் பழக்கம். அதில் யாரும் பேசி வைத்துக்கொள்ளாத ஒரு முறையும் இருந்தது. வேறு மேஸ்திரி கட்டிய வீடு என்றால் கண்ணளவு முதல் காரியமாக டேப்பை எடுத்து, மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளப்பார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் டைல்ஸ் பெட்டியையே பிரிப்பார். மாப்பிள்ளை கட்டிய வீட்டில் மட்டும் டேப் வெளியே வராது. தங்கையைக் கட்டிக் கொடுத்த மனுஷனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே!

மூலைமட்டத்தின் அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் சொந்த வீடு அமைந்தது. வீட்டுக்காரர்களின் மூஞ்சியைப் பார்த்தே பாதி ஆயுசு போயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தவள், கட்டட வேலை ஆரம்பித்த நாளிலிருந்து தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் பிடித்து நிறுத்தி, "என் தம்பி கட்டுறான், மூலைய வந்து பாருங்க, கத்தி மாதிரி இருக்கும்" என்பாள். தம்பி தூரத்தில் நின்று காது கேளாதவர் போல நடித்துக்கொண்டே ஒரு சொல் விடாமல் கேட்பார்.

சின்னப் படுக்கையறைக்கு டைல்ஸ் போட்டு முடித்துவிட்டு ஹாலை ஆரம்பித்த அன்று காலையில் கண்ணளவு ஹால் வாசலில் வழக்கம்போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இருபது அடிக்குப் பதினாறு அடி ஹால். நின்றவர் நகரவே இல்லை.

"மாப்ள, அந்தச் சன்னல் பக்கத்து மூலை என்னமோ ஒரு மாதிரி தெரியுது. ஒரு தடவ குறுக்க புடிச்சுப் பாத்துடலாமா?"

கை இடுப்பில் இருந்த டேப்புக்குப் போனது. பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. வேலையாட்கள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், அக்கா வேறு நின்றுகொண்டிருந்தாள். மூலைமட்டத்துக்குச் சுருக்கென்றது.

"என் மூலையவா மச்சான்? வயசானா கண்ணு அப்படித்தான் ஒரு மாதிரி தெரியும். போய் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணளவும் சிரித்துவிட்டு டேப்பைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார். நீளச் சுவரை ஒட்டி முதல் வரிசையைப் பிடித்தார்.

இரண்டு நாள் வேலை நடந்தது. இரண்டாம் நாள் மதியம் அக்கா உள்ளே வந்து பார்த்தவள், "ஐயையோ!" என்றாள். குறுக்குச் சுவர் ஓரமாக வாசல் பக்கத்தில் டைல் சுவரை முட்டிக்கொண்டு நின்றது. அதே சுவரோரமாகச் சன்னல் பக்கம் போகப் போக இடைவெளி விரிந்து, கடைசியில் மூன்று அங்குலம். டைல்ஸ் கோடு ஒரு பக்கம் போகிறது, சுவர் ஒரு பக்கம் போகிறது. குழந்தைகூடச் சொல்லிவிடும், கோணல் என்று.

"என்னண்ணே இது? கோடு சுவத்தோட சேரவே இல்லயே! கண்ணு எங்க வெச்சிருந்தீங்க?"

கண்ணளவு குத்துக்காலிட்டுப் பார்த்தார், படுத்துப் பார்த்தார். நூல் கட்டிப் பார்த்தால் டைல்ஸ் அம்பு மாதிரி நேராக இருந்தது. தலையைச் சொறிந்தார். அப்போது உள்ளே வந்த மூலைமட்டம் நிலைமையைப் பார்த்துவிட்டு, எல்லோரையும் விடச் சத்தமாக, "நூல் புடிச்சுத்தான் போட்டீங்களா மச்சான்? இப்படி இழுத்துட்டுப் போயிருக்கு?" என்று கேட்டார். அந்த நேரத்தில் அவர் அதை மனசாரத்தான் கேட்டார். அதுவரைக்கும் அவர்மேல் குற்றமில்லை.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கண்ணளவு சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே செங்கல் அடுக்குக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தார். மூலைமட்டம் மட்டும் ஹாலில் நின்றார். நின்றவருக்குத் திடீரென்று அந்த மணல் குவியல் ஞாபகம் வந்தது.

அஸ்திவாரத்துக்கு நூல் கட்டிய அன்று, லாரிக்காரன் மணலைக் கொண்டுவந்து மனைக்கு நட்டநடுவில் கொட்டிவிட்டுப் போயிருந்தான், ஆள் உயரத்துக்கு. நாலு பக்கமும் அளந்தாயிற்று. இந்தப் பக்கம் எவ்வளவோ எதிர்ப் பக்கமும் அவ்வளவே, அந்தப் பக்கம் எவ்வளவோ அதன் எதிரும் அவ்வளவே. மூலைக்கு மூலை பார்க்க வேண்டும் என்றால் டேப் மணல்மேல் ஏறி இறங்கும், அளவு நிற்காது. மணலை வாரி ஒதுக்க வேண்டும், ஒரு மணி நேரம் பிடிக்கும். மழை வேறு மூட்டம் போட்டுக்கொண்டு நின்றது. நாலு பக்கமும் சரியாக இருக்கும்போது மூலை எங்கே போய்விடும் என்று அவர் நினைத்தார். கைப் பழக்கம் இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தார். பிறகு பார்க்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஒரே ஒரு தடவை.

ஹால் கதவைச் சாத்திவிட்டு, டேப் முனையை ஒரு மூலையில் ஆணி வைத்து மாட்டி, எதிர் மூலைக்கு இழுத்தார். இருபத்தைந்து அடி ஐந்து அங்குலம். மற்ற இரண்டு மூலைக்கும் இழுத்தார். இருபத்தைந்து அடி ஒன்பதே முக்கால். திரும்ப அளந்தார். அளந்தால் மாறிவிடுமா?

நாலே முக்கால் அங்குலம் வித்தியாசம். கண்ணளவின் டைல்ஸில் ஒரு மயிரிழைகூடத் தப்பில்லை. ஹாலே சாய்ந்து கிடந்தது. வாசலில் நின்று ஒற்றைக் கண்ணால் மச்சான் பார்த்ததும் சரி, சன்னல் பக்கத்து மூலை என்று சொன்னதும் சரி.

வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "மச்சான், தப்பு என் மேல." நாலே சொல். மூலைமட்டம் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்தார். அக்கா எதிரே வந்தாள். "நல்லவேள, சுவரையாவது நீ கட்டுன" என்றாள். அந்தச் சொல் அவர் வாயை அடைத்துவிட்டது. மென்று விழுங்கிவிட்டார்.

அன்று சாயங்காலமே கண்ணளவு ஹாலில் போட்ட டைல்ஸை எல்லாம் தானே பெயர்த்தார். உடையாமல் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக உளி விட்டுத் தூக்கினார். மறுபடி இந்தத் தடவை குறுக்குச் சுவரை ஒட்டி ஆரம்பித்துப் போட்டார். சாய்ந்த ஹாலில் எந்தச் சுவரைப் பிடித்தால் என்ன, இன்னொரு சுவர் காட்டிக்கொடுக்கும். இந்த முறை நீளச் சுவரோரம் பிரிந்தது, அதுவும் நாலு அங்குலம் கிட்ட. முன்னைவிட மோசம். மூலைமட்டத்துக்கு இது நடக்கும் என்று முதல் டைல் வைக்கும்போதே தெரியும். சன்னல் திண்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டீ எப்படித்தான் தொண்டையில் இறங்கியதோ!

"போதும்ணே. வயசாயிடுச்சு, விட்ருங்க" என்றாள் அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பரிதாபமாகச் சொன்னாள். அதுதான் கண்ணளவைக் கொன்றது.

வெளியிலிருந்து ஒரு டைல்ஸ்காரர் வந்தார். வந்ததும் டேப்பை எடுத்து மூலைக்கு மூலை அளந்தார். அளந்துவிட்டு மெதுவாக விசில் அடித்தார். மூலைமட்டத்தின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "மேஸ்திரி, மூலை எவ்ளோ ஓடியிருக்குன்னு தெரியும்ல?" என்றார்.

மூலைமட்டம் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

"சரி, விடுங்க. டைமண்ட் மாதிரி திருப்பிப் போட்டுர்றேன். கோணல் எங்க இருக்குன்னு எவனும் கண்டுபுடிக்க முடியாது."

அப்படியே போட்டார். டைல்ஸ் எல்லாம் மூலை மேலே, மூலை கீழே என்று நின்றன. ஓரத்தில் எல்லாமே வெட்டுத் துண்டுகள் என்பதால் எது சாய்வு, எது வெட்டு என்று கண் தடுமாறிவிடும். அக்கா பூரித்துப் போனாள். "பாத்தியா தம்பி, கண்ணு இருக்கிறவன் போட்டா எப்படி இருக்கு!" என்றாள். மூலைமட்டத்தின் மகள், எட்டாம் வகுப்பு, வாயாடி, குனிந்து பார்த்துவிட்டு, "அத்தை, இது டைமண்ட் இல்ல. சதுரம்தான். திரும்பி நிக்குது, அவ்வளவுதான். திருப்பி வெச்சா மட்டும் வேற ஆயிடுமா?" என்றாள். அத்தை அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள்.

அந்த வாரமே கண்ணளவு, "மாப்ள, கண்ணு டாக்டர்கிட்ட போகணும், கொஞ்சம் வண்டியில கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார். மூலைமட்டம் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டர், கண் நன்றாகத்தான் இருக்கிறது, எழுத்துப் படிக்க மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். கண்ணளவு அதை நம்பவில்லை. "மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றாரு" என்று சொல்லி, படிக்கிற கண்ணாடியை நாள் பூரா மாட்டிக்கொண்டு திரிந்தார். அதைப் போட்டால் தூரத்தில் இருப்பது மங்கும். படி தெரியாமல் தடுக்கினார், டம்ளரை மேசைக்கு அந்தப் பக்கம் காற்றில் வைத்தார். ஒவ்வொரு தடவை தடுக்கும்போதும், "பாத்தியா, பாத்தியா, போயிடுச்சு" என்றார். வந்த வேலையை எல்லாம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்.

மூலைமட்டத்துக்கு நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. இருந்து என்ன செய்ய? காலையில் இன்று சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவார், சாயங்காலம் நாளைக்கு என்று திரும்புவார். சொன்னால் அக்கா என்ன நினைப்பாள்? தெரு என்ன சொல்லும்? மூலைமட்டம் என்ற பேர் என்னாகும்? ஆனால் இதை எல்லாம் விட ஒன்று அவரை அறுத்தது. நாள் போகப் போகத் தப்பு பெரிதாகிக்கொண்டே போனது. முதல் நாள் மணல் குவியலைச் சொன்னால் போதுமாயிருந்தது. இப்போது மணலையும் சொல்ல வேண்டும், டீ குடித்ததையும் சொல்ல வேண்டும், கண் டாக்டர் வீட்டு வரிசையையும் சொல்ல வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் பள்ளிக்கூட வேலை ஒன்றைக் கொண்டுவந்தாள். நாலு மரச் சட்டம் வேண்டுமாம். இரண்டு நீளம், இரண்டு குட்டை, மூலையில் திருகாணி போட்டு மூட்டித் தர வேண்டுமாம். அவர் கை பரபரவென்று செய்துகொடுத்தது. அப்பன் செய்ததை வாங்கி, மகள் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு ரப்பர் கயிறு கட்டினாள்.

"அப்பா, இங்க பாருங்க. இப்ப இது என்ன?"

"சதுரம்."

"ஐயே! நாலு பக்கமும் ஒரே அளவா இருந்தாத்தான் சதுரம். இது செவ்வகம். இப்பப் பாருங்க." மேல்சட்டத்தை விரலால் லேசாகத் தள்ளினாள். சட்டம் சாய்ந்தது. "இப்ப இணைகரம். பக்கம் எதுவுமே மாறல. எதிர் எதிர் பக்கம் அப்பவும் சமம், இப்பவும் சமம். நாலு பக்கத்த மட்டும் அளந்தா செவ்வகமா இணைகரமான்னு கடவுளே வந்தாலும் சொல்ல முடியாதுன்னு டீச்சர் சொன்னாங்க. மூலைவிட்டத்த அளந்தாத்தான் மாட்டும். இதோ, ஒரு கயிறு இழுத்துக்கிச்சு, ஒரு கயிறு தொளதொளன்னு ஆயிடுச்சு பாருங்க!"

தள்ளினாள், நிமிர்த்தினாள், தள்ளினாள். ஒரு கயிறு விறைத்தது, ஒரு கயிறு தொங்கியது. மூலைமட்டம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஜோடி பக்கம் மட்டும் இணையா ஓடினா சரிவகம். பக்கத்து பக்கத்துல ரெண்டு ரெண்டா சமமா இருந்தா பட்டம். நாலும் சமமா இருந்து சாஞ்சு நின்னா சாய்சதுரம். அப்பா, நீங்க எது தெரியுமா? செவ்வகம். உங்க மூலை எல்லாம் தொண்ணூறு டிகிரி" என்று சிரித்தாள்.

"போதும், எடுத்து வெச்சுட்டுப் போ!" என்று அவர் கத்தினார். குழந்தை முகம் சுருங்கிப் போய்விட்டது. அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அவமேல எதுக்கு எரிஞ்சு விழறீங்க? ஒரு மாசமாவே நீங்க நீங்களா இல்ல." கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணன் ஞாயித்துக்கிழமை வெட்டுற மெஷின், உளி, மட்டப்பலகை எல்லாத்தையும் தெரிஞ்சவங்களுக்குத் தூக்கிக் குடுக்கப் போவுதாம். குடோன்ல வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வெச்சிருக்காம். அண்ணி அழுதுட்டே சொன்னாங்க. முப்பது வருஷம் செஞ்ச வேலைங்க."

சனிக்கிழமை வேலை முடிந்த கையோடு மூலைமட்டம் மச்சான் வீட்டுக்குப் போனார். சொல்லிவிடுவதென்றுதான் போனார். கண்ணளவு கூடத்தில் மண்டிபோட்டிருந்தார். எங்கோ மிஞ்சிப்போன டைல்ஸ் இருபது முப்பது எடுத்துவந்து, சிமெண்டு இல்லாமல் வெறும் தரையில் பரப்பி, நூல் கட்டி, வரிசை பிடித்துக்கொண்டிருந்தார். மூக்கில் அந்தக் கண்ணாடி.

"வா மாப்ள. இத கொஞ்சம் பாத்துச் சொல்லு. நேரா இருக்கா?"

மூலைமட்டம் பார்த்தார். அதைவிட நேராக ஒரு மனிதன் வைக்க முடியாது.

"நேரா இருக்கு மச்சான்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"சத்தியமா நேரா இருக்கு மச்சான்."

கண்ணளவு சிரித்தார். "உன் தங்கமான மனசுக்கு நீ அப்படித்தான் சொல்லுவ. என் வீட்டுக்காரியும் இதையேதான் சொல்றா. என் மனசு நோகக் கூடாதுன்னு எல்லாரும் சேர்ந்துக்கிட்டீங்க." டைல்ஸை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தார். "நேரா இருக்கிறதே எனக்குக் கோணலாத் தெரியுதா, கோணலே நேராத் தெரியுதான்னு புரியல மாப்ள. கண்ணு போனாக்கூடப் பரவாயில்ல. எது சரின்னே தெரியாமப் போச்சு பாரு, அதான்."

மூலைமட்டம் வாயைத் திறந்தார். கண்ணளவின் மனைவி டீ கொண்டுவந்தாள். மறுபடி அந்த டீ! குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார். வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, தன் கன்னத்தில் தானே ஒன்று வைத்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

ஞாயிறு காலையில் முதல் வேலையாக மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றார். மெஷினைத் துணியில் சுற்றி வாசலில் வைத்திருந்தார்கள்.

"இத அப்புறம் குடுக்கலாம். அக்கா வீட்டு வரைக்கும் வாங்க."

"அங்க எதுக்கு மாப்ள? அந்த வாசப்படிய மிதிக்கவே எனக்குக் கூசுது."

"கால்ல விழட்டுமா? வாங்க மச்சான்!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார். முதலிலேயே தகவல் சொல்லியிருந்ததால் மனைவியும் மகளும் அங்கே வந்திருந்தார்கள். அக்கா ஒன்றும் புரியாமல் நின்றாள். மூலைமட்டம் யாரிடமும் பேசாமல் சோபாவையும் மேசையையும் சுவரோரம் தள்ளினார். இந்தத் தடவை நடுவில் மணல் இல்லை. டேப்பை எடுத்து முனையைத் தான் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார்.

"இழுங்க மச்சான். எதிர் மூலைக்கு."

கண்ணளவு இழுத்துக்கொண்டு போனார். குனிந்தார். பழைய பழக்கத்தில் கண்ணாடியை நெற்றிமேல் தள்ளிவிட்டு, கையை எட்டி நீட்டி வெறும் கண்ணால் படித்தார். "இருபத்தஞ்சடி அஞ்சு."

"இப்ப அந்த மூலை."

மூலைமட்டம் இடம் மாறி உட்கார்ந்தார். கண்ணளவு சன்னல் பக்கத்து மூலையில் குனிந்தார். படித்தார். டேப்பை உதறி, விறைப்பாக இழுத்து, மறுபடி படித்தார்.

"ஒம்பதே முக்கால். இருபத்தஞ்சடி ஒம்பதே முக்கால்."

"ஐ, இணைகரம்!" என்றாள் மகள். அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

"ஆமா" என்றார் மூலைமட்டம். "அக்கா, நல்லாக் கேட்டுக்க. ஹால் கோணல். அஸ்திவாரத்துலயே கோணல். நான் போட்டது. மூலை பாக்காம விட்டுட்டேன். மச்சான் போட்ட டைல்ஸ்ல ஒரு தப்பும் இல்ல, ரெண்டு தடவையும்."

அக்கா பக்கத்தில் இருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண்ணளவு எழுந்து நின்றார். அவர் முகத்தில் கோபத்தைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது வரவில்லை. சிரிப்பு வந்தது. வெடித்துக்கொண்டு வந்த சிரிப்பு, கண்ணில் தண்ணீரோடு.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு! தங்கச்சி, கேட்டியா? அன்னைக்குக் காலையிலயே சொன்னேன்ல, சன்னல் பக்கத்து மூலைன்னு! எனக்குக் கண்ணு போகலம்மா!" நெற்றியிலிருந்த கண்ணாடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். இரண்டே எட்டில் வந்து மூலைமட்டத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மாப்ள, நல்லவேள இன்னைக்காவது உனக்கு அளந்து பாக்கத் தோணுச்சு! எவன் தன் தப்ப நாலு பேர் முன்னாடி இப்படி ஒத்துக்குவான்? மனுஷன்னா நீதான் மனுஷன்!"

அக்காவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என் தம்பியில்ல" என்றாள். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரைப் பெருமையாகப் பார்த்தாள்.

அத்தோடு முடிந்திருக்கும். அதுதான் வேடிக்கை. யாரும் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் மூலைமட்டம் முன்னைவிடப் பெரிய மனுஷனாக வீட்டுக்குப் போயிருப்பார். இன்றைக்குத்தான் அளந்தார் என்று எல்லோரும் தாமாகவே நினைத்துக்கொண்டார்கள். அவர் பொய்கூடச் சொல்ல வேண்டாம். மச்சானுடைய கைகள் சூடாக அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தன. மறுபடியும் ஒரு மணல் குவியல், சுற்றிக்கொண்டு போனால் யாருக்கும் தெரியாது என்று அவருக்குத் தோன்றியது.

"இன்னைக்கு அளக்கல மச்சான்."

"என்னது?"

"முதல் தடவ நீங்க போட்டீங்களே, அன்னைக்கு மத்தியானமே அளந்துட்டேன். நீங்க செங்கல்லுக்குப் பின்னாடி உக்காந்து சாப்ட்டுக்கிட்டிருந்தீங்க."

சிரிப்பு கண்ணளவின் முகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, என்ன கேட்டோம் என்று புரிகிற வரைக்கும்.

"அப்ப, ரெண்டாவது தடவ நான் பேத்துப் போட்டப்ப?"

"தெரியும்."

"அந்தச் சன்னல்ல உக்காந்து பாத்துட்டிருந்தியே?"

"தெரியும் மச்சான்."

"கண்ணு டாக்டருக்கு நீதான வண்டியில கூட்டிட்டுப் போன."

மூலைமட்டம் தலையைத்தான் ஆட்டினார். கண்ணளவு அவர் கையை விட்டார். உதறவில்லை, தள்ளவில்லை, ஒரு சாமானை இருந்த இடத்தில் திரும்ப வைப்பது போல விட்டார். மனைவி கணவரைப் பார்த்தாள். அந்தப் பெருமை அவள் முகத்திலிருந்து போய்விட்டிருந்தது.

அடிப்பார் என்று மூலைமட்டம் எதிர்பார்த்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. கண்ணளவு குனிந்து தரையில் கிடந்த டேப்பை எடுத்தார். சுருட்டிக்கொண்டே படுக்கையறை வாசலுக்குப் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். அவர் போட்ட டைல்ஸ் அந்த அறையில் இன்னும் பெயர்க்கப்படாமல் இருந்தது. நிதானமாகப் பார்த்தார். பிறகு டேப் முனையை மூலைமட்டத்தின் பக்கம் நீட்டினார்.

"மேஸ்திரி, இத கொஞ்சம் புடிங்க. இந்த ரூமையும் பாத்துடலாம்."

பதினைந்து வருஷமாக மாப்ள, வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். மூலைமட்டம் முனையை வாங்கிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்தார். சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். கண்ணளவு டேப்பை இழுத்துக்கொண்டு எதிர் மூலைக்கு நடந்தார்.